டிராஃபிக் கிராஃப் வரவில்லை, வந்தாலும் நம்ப முடியவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரை நெடுக லாட்ஜிலும் ஐஸ் பிளான்ட்டிலும் கேபிள் ஆபீஸிலும் நெட்வொர்க் பார்த்துக்கொள்பவர்களுக்கான குறிப்பு இது. மானிட்டரிங்குக்கு காக்டி வைத்திருக்கலாம், லிப்ரெஎன்எம்எஸ் வைத்திருக்கலாம், ஜாபிக்ஸ், பிஆர்டிஜி, இல்லை பழைய எம்ஆர்டிஜியே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று ஒரு கவுன்டர் ஏறிக்கொண்டே இருக்கிறது. மின்வாரியக்காரர் மீட்டர் ரீடிங் எடுப்பதுபோல சாஃப்ட்வேர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்என்எம்பி (கருவியிடம் அதன் நிலையைக் கேட்கும் பொது மொழி) வழியாக அந்த எண்ணைக் கேட்கிறது. போன ரீடிங்கைக் கழித்து, 300 விநாடியால் வகுத்து, 8-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை பிட் என்று கிடைக்கிறது. அதை ஃபைலில் போட்டு வைத்து, நாம் கேட்கும்போது படமாக வரைந்து காட்டுகிறது.

கவுன்டர், கேள்வி பதில், கணக்கு, சேமிப்பு, படம். கோளாறு இந்த ஐந்தில் ஒன்றில்தான் இருக்கும். பலரும் கடைசியில் இருக்கும் படத்திலிருந்து ஆரம்பித்து, டெம்ப்ளேட்டை மாற்றி, கிராஃபை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, பழைய டேட்டாவையும் இழந்துவிடுகிறார்கள். முதல் முனையிலிருந்து வாருங்கள். கருவியில் உள்ள எண்ணை நேரடியாகக் கேட்டுப் பார்க்கும்வரை சாஃப்ட்வேரில் எதையும் தொடவேண்டாம்.

எப்படிக் கேட்பது? மானிட்டரிங் சர்வரிலேயே உட்கார்ந்து (உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல, அங்கிருந்து வேலை செய்வது எதையும் நிரூபிக்காது) எஸ்என்எம்பிவாக் கட்டளையில் வெர்ஷன் 2சி, கம்யூனிட்டி பெயர் (பாஸ்வேர்டு மாதிரி), ரவுட்டரின் ஐபி கொடுத்து 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வந்த மொத்த பைட், 64 பிட் கவுன்டராக வரும். வெளியே போனதற்குக் கடைசி 6-ஐ 10 ஆக்குங்கள். 30 விநாடி விட்டு மறுபடி கேளுங்கள். வித்தியாசத்தை 8-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் அந்த நேரத்து வேகம். 37 கோடியே 50 லட்சம் பைட் ஏறியிருந்தால் 100 எம்பிபிஎஸ். ரவுட்டரின் சொந்தத் திரையில் தெரிவதோடு இது ஏறக்குறைய ஒத்துப்போனால் கவுன்டரும் கேள்வி பதிலும் சரி, கோளாறு சாஃப்ட்வேர் பக்கம். ஒத்துப்போகவில்லை, அல்லது பதிலே வரவில்லை என்றால் சாஃப்ட்வேரை விட்டுவிட்டுக் கருவியைப் பாருங்கள்.

கேட்டால் பதிலே வரவில்லை

பிங் போகிறது, எஸ்என்எம்பி மட்டும் டைம் அவுட் என்கிறது. இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், வெர்ஷன் 2சியில் கம்யூனிட்டி பெயர் தப்பானாலும் கருவி வாயே திறக்காது, ஃபயர்வால் தடுத்தாலும் அதே அமைதிதான். அறிகுறி ஒன்று, காரணம் பல. கம்யூனிட்டியில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுவேறு என்பதையும், காப்பி பேஸ்டில் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளியையும் முதலில் சரிபாருங்கள்.

அப்புறம் மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் வின்பாக்ஸில் (அதை அமைக்கும் புரோகிராம்) ஐபி, எஸ்என்எம்பி பக்கம் போய் எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். எடுத்த எடுப்பில் அது ஆஃபில்தான் இருக்கும். கம்யூனிட்டியில் எந்த ஐபிக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறது, ஃபயர்வாலின் இன்புட் விதிகளில் யுடிபி 161 திறந்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். லினக்ஸ் பெட்டி என்றால் வேறு கதை. டெபியனிலும் உபுன்டுவிலும் எஸ்என்எம்பி சர்வீஸ் நிறுவியதும் 127.0.0.1 என்ற தன் முகவரியில் மட்டும்தான் காது கொடுக்கும். கான்ஃபிக் ஃபைலில் ஏஜென்ட் அட்ரஸ் வரியை மாற்றும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால் சர்வரில் டிசிபிடம்ப் (போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு 161 போர்ட்டைக் கவனியுங்கள். கேள்வி ஒரு ஐபிக்குப் போய், பதில் அதே ரவுட்டரின் வேறொரு ஐபியிலிருந்து வருவது உண்டு. இரண்டு மூன்று லைன் சொருகிய ரவுட்டர்களில் இது சகஜம். சர்வரின் ஃபயர்வால் "இவனை நான் கூப்பிடவே இல்லையே" என்று அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். எஸ்என்எம்பி அமைப்பில் சோர்ஸ் அட்ரஸை நிலையாகக் கொடுத்தால் தீர்ந்தது.

வெர்ஷன் 3-க்கு மாறினால் பெயர் தெரியவில்லை, பாஸ்வேர்டு தப்பு என்று தனித்தனியாகச் சொல்லும். அந்த வகையில் அது எளிது. 2சியிலேயே இருந்தால் பப்ளிக் என்ற கம்யூனிட்டியை எல்லாருக்கும் திறந்து வைக்காதீர்கள். இணையத்துக்குத் திறந்த எஸ்என்எம்பியை வேறொருவர் மேல் தாக்குதல் நடத்த ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். உங்கள் லைன் நிரம்பி வழியும், கிராஃபில் அவுட் பக்கம் காரணமில்லாமல் ஏறியிருக்கும்.

பெயர் வருகிறது, போர்ட் பட்டியல் வரவில்லை

இது லினக்ஸ் சர்வர்களின் தனி வியாதி. கருவியின் பெயர், எவ்வளவு நேரமாக ஓடுகிறது எல்லாம் வரும். இன்டர்ஃபேஸ் ஒன்றுகூட வராது. மேலே சொன்ன அதே கான்ஃபிக் ஃபைலில் சிஸ்டம் ஒன்லி என்று ஒரு வியூ இருக்கும். 1.3.6.1.2.1.1-ஐயும் 1.3.6.1.2.1.25.1-ஐயும் மட்டும் அது காட்டும். 1.3.6.1.2.1.2, 1.3.6.1.2.1.31 இரண்டையும் சேர்த்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒன்றிரண்டு கேட்டால் வருகிறது, மொத்தமாகக் கேட்டால் பாதியில் நிற்கிறது என்பது இதன் பங்காளி. டனலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவிகளில் பார்க்கலாம். மொத்தமாகக் கேட்கும்போது பதில் பாக்கெட் பெரிதாகி, துண்டாகி, துண்டுகளில் ஒன்று வழியில் தொலைந்துவிடுகிறது. சாஃப்ட்வேரில் மேக்ஸ் ரெபிட்டிஷன்ஸ் என்ற எண்ணை 10-க்கோ அதற்குக் கீழோ இறக்குங்கள். ஓஎல்டி (ஃபைபர் இணைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சிலவற்றின் சிபியு மெதுவானது. அவற்றுக்கும் இதே மருந்து, கூடவே டைம் அவுட்டைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கவேண்டும்.

கட்டளையில் எண் வருகிறது, கிராஃப் மட்டும் காலி

போலர் (ரீடிங் கேட்டு வாங்கும் புரோகிராம்) ஓடுகிறதா என்று லாகைப் பாருங்கள். சாஃப்ட்வேரை அப்டேட் செய்தபின் வந்த கோளாறு என்றால், ஆர்ஆர்டி ஃபைல்கள் (ரீடிங்கைச் சேமித்து வைப்பவை) இருக்கும் ஃபோல்டரின் உரிமையாளர் மாறியிருப்பார்; போலர் எழுதப் போய் அனுமதி இல்லாமல் திரும்பியிருக்கும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் வேலிடேட் ஸ்கிரிப்டை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும்.

கரண்ட் போய் வந்தபின் காலி என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மானிட்டரிங் வைத்திருப்பவர்கள் இதைத் தவறாமல் சந்திப்பார்கள். பை 4 வரை அதில் கடிகார சிப் கிடையாது. அணைந்து எழும்போது, கடைசியாகக் குறித்து வைத்த பழைய நேரத்தையே இப்போதைய நேரம் என்று நினைத்துக்கொள்ளும். நெட் வந்து நேரம் ஒத்திசையும்வரை ஆர்ஆர்டி எதையும் வாங்காது. "கடைசி அப்டேட்டுக்கு முந்தைய நேரம்" என்று லாகில் திட்டிக்கொண்டே இருக்கும். இது தானாகச் சரியாகிவிடும். இதைவிட மோசம், சர்வர் கடிகாரம் தப்பாக முன்னால் போய், அந்த எதிர்காலத் தேதியில் ஒரு ரீடிங் விழுந்துவிடுவது. அந்தத் தேதி வரும்வரை ஃபைல் பூட்டியதுபோலத்தான். ஆர்ஆர்டி டூலில் டம்ப் எடுத்து, கடைசி அப்டேட் நேரத்தைத் திருத்தி, ரீஸ்டோர் செய்யவேண்டும். ஒரு கடிகார மாட்யூலை வாங்கிப் பொருத்திவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கிராஃபில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

ஒரே ஒரு கருவியின் கிராஃபில் ஓட்டை என்றால் அந்தக் கருவிக்குப் போகும் வழியில் பாக்கெட் தொலைகிறது. எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஓட்டை என்றால் போலர் 5 நிமிடத்துக்குள் வேலையை முடிக்கவில்லை. இரண்டாவதுதான் நம் பக்கத்தில் சுவாரசியம்.

தங்கச்சிமடத்தில் கரண்ட் போகிறது. அங்குள்ள கருவிகள் அணைகின்றன. ஆனால் மண்டபத்திலும் உச்சிப்புளியிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளின் கிராஃபிலும் அதே நேரத்தில் ஓட்டை விழுகிறது. கணக்குப் போட்டால் புரியும். அணைந்த கருவி 60, ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி டைம் அவுட், 3 தடவை முயற்சி என்று வைத்தால், வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் போலர் இறந்த கருவிகளுக்காக மட்டும் 900 விநாடி காத்துக் கிடக்கும். ஒரு சுற்றுக்கு இருப்பதோ 300 விநாடி. உயிரோடு இருப்பவர்களுக்கு முறையே வராது.

காக்டி லாகில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எத்தனை விநாடி ஆனது என்று ஒரு வரி இருக்கும். சாதாரண நாளிலேயே அது 200-ஐத் தாண்டினால் கரண்ட் கட்டின்போது கண்டிப்பாக உடையும். டைம் அவுட்டை 1 விநாடிக்குக் குறையுங்கள் (ரேடியோ லிங்குக்குப் பின்னால் இருப்பதற்கு 2), முயற்சியை ஒன்றோ இரண்டோ வையுங்கள், திரெட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், காக்டியில் பழைய பிஎச்பி போலரை விட்டு ஸ்பைன் என்ற வேகமான போலருக்கு மாறுங்கள். முதலில் பிங், அது பதில் சொன்னால்தான் எஸ்என்எம்பி என்று வைப்பது இன்னும் நல்லது. என்றோ கழற்றி வீசிய கருவிகளைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் மறந்துபோகிற வேலைதான்.

பகலெல்லாம் வருகிறது, ராத்திரி 8 மணிக்கு மேல் காணோம்

லாட்ஜ் லைன்களில் இதைப் பார்க்கலாம். சாயங்காலம் கூட்டம் ஏறுகிறது, கோடு மேலே போகிறது, சட்டென்று அறுந்துவிடுகிறது. நடுராத்திரிக்கு மேல் மறுபடி தொடர்கிறது. முதலாளி "தம்பி, எட்டு மணிக்கு நெட்டு கட்டாகுதா?" என்று கேட்பார். நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆர்ஆர்டி ஃபைலை உருவாக்கும்போதே அதிகபட்ச மதிப்பு ஒன்று உள்ளே எழுதப்படுகிறது. அதைப் போர்ட்டின் வேகத்திலிருந்து எடுத்து வைத்திருந்தால்தான் இந்தக் கோளாறு. அன்றைக்கு 100 எம்பிபிஎஸ் போர்ட். இன்று 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாற்றி, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாயிற்று. ஃபைலுக்கு அது தெரியாது. 100-ஐத் தாண்டிய ஒவ்வொரு ரீடிங்கையும் "நம்ப முடியாதது" என்று தள்ளிவிட்டு அங்கே வெற்றிடம் வைக்கும். ஆர்ஆர்டி டூலின் டியூன் கட்டளையால் அதிகபட்சத்தை உயர்த்தினால் போதும், ஃபைலை அழிக்கவேண்டாம். அங்கே கொடுக்கும் எண் பைட்டில், பிட்டில் அல்ல. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 12,50,00,000. அறுந்துபோன பழைய ராத்திரிகள் போனதுதான், திரும்ப வராது. தன் வேகத்தை 10 எம்பிபிஎஸ் என்றோ 0 என்றோ சொல்லிக்கொள்ளும் ரேடியோ கருவிகளில் இந்தக் கோளாறு முதல் நாளிலேயே வரும்.

114 வரை ஏறுகிறது, பொத்தென்று விழுகிறது

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கோடு அறும். இங்கே கோடு அறாது, கீழே விழும். 110, 112, 114, அடுத்த ரீடிங் 5. ரம்பப்பல் மாதிரி.

32 பிட் கவுன்டரின் கோளாறு இது. பழைய கவுன்டர் (1.3.6.1.2.1.2.2.1.10) 4,29,49,67,295 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 100 எம்பிபிஎஸ் ஓடினால் 5 நிமிடம் 43 விநாடியில் ஒரு சுற்று. 1 ஜிபிபிஎஸ் ஓடினால் 34 விநாடியில். ஒரு முறை சுற்றியிருந்தால் சாஃப்ட்வேர் ஊகித்துச் சரிசெய்துகொள்ளும். 5 நிமிட இடைவெளியில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஓடிவிட்டால் ஊகிக்க வழியில்லை. அந்த எல்லைதான் ஏறக்குறைய 114.5 எம்பிபிஎஸ். உண்மையில் 150 ஓடும்போது கிராஃப் 35 காட்டும், 120 ஓடும்போது 5 காட்டும். லைன் நிரம்பித் தவிக்கும் நேரத்தில் "ஒன்றுமே ஓடவில்லை" என்று படம் சொல்லும். மற்ற கோளாறுகளில் படம் காணாமல் போகும், ஓட்டை விழும், ஏதோ தப்பு என்று நமக்கும் தெரியும். இது அழகான முழுக் கோட்டோடு பொய் சொல்கிறது. அதனால்தான் இதை இந்தப் பட்டியலிலேயே மோசமானது என்பேன்.

64 பிட் கவுன்டருக்கு மாறுவதுதான் வழி. எஸ்என்எம்பி வெர்ஷன் 1-இல் 64 பிட் கவுன்டரே கிடையாது; எனவே கருவியை வெர்ஷன் 2சி அல்லது 3 என்று மாற்றி, காக்டியில் "64 பிட் கவுன்டர்" என்ற வகையில் கிராஃபை அமையுங்கள். மலிவு ஸ்விட்ச் சிலவற்றில் 64 பிட் கவுன்டர் இருக்காது. அவற்றை 1 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் 570 எம்பிபிஎஸ் வரை தாங்கும்.

95-இல் தட்டையாக நிற்கிறது

உச்சி தட்டையாகி, கோடு போட்டதுபோல் மணிக்கணக்கில் 93, 95 என்று நிற்கிறதா? கிராஃப் உண்மைதான் சொல்கிறது. எங்கோ ஒரு கூரை இருக்கிறது. நீங்கள் வாங்கிய பிளானின் அளவில் தட்டையாக நின்றால் அது மேலே லைன் கொடுப்பவரின் கட்டுப்பாடு. நீங்களே போட்ட க்யூவின் (ரவுட்டரில் வைக்கும் வேக வரம்பு) அளவென்றால் அதுவும் தெரிந்ததே. ஒரு ஜிகாபிட் போர்ட் 95-இல் நின்றால் அது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது.

நம் கரையில் இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம்: உப்புக் காற்று. ஜிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மொட்டை மாடியில், டவரில் இருக்கும் ஆர்ஜே45 முனையில் ஒரே ஒரு பின் பச்சை பூத்தால் போதும், இணைப்பு அறாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். பிங் போகும், விளக்கு எரியும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். 1.3.6.1.2.1.31.1.1.1.15 கேட்டால் போர்ட்டின் இப்போதைய வேகம் எம்பிபிஎஸ்ஸில் வரும். 1000 இருக்கவேண்டிய இடத்தில் 100 இருக்கும். 1.3.6.1.2.1.2.2.1.14 உள்வரும் பிழைகளின் எண்ணிக்கை; அது ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

இந்த இரண்டையும் டிராஃபிக் கிராஃபுக்குப் பக்கத்திலேயே தனிக் கிராஃபாகப் போட்டு, வேகம் மாறினால் அலர்ட் வரும்படி வையுங்கள். கடலோர நெட்வொர்க்கில் சிபியு, மெமரி கிராஃபைவிட இதுதான் அதிகம் உழைக்கும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, வாட்டர் புரூஃப் மூடி போட்டு, கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டுங்கள். மூடி இல்லாமல் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவதை நிறையப் பார்க்கிறேன். உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருக்கத்தான் அது உதவும்.

எண் பொருந்தவில்லை: எட்டில் ஒரு பங்கு, கொஞ்சம் குறைவு, தலைகீழ்

100 ஓடவேண்டிய இடத்தில் 12.5 என்றால் பைட்டைப் பிட் ஆக்க மறந்த கணக்கு. ஜாபிக்ஸில் ஐட்டத்தின் பிரிபிராசசிங்கில் "விநாடிக்கான மாற்றம்", "8-ஆல் பெருக்கு" இரண்டும் இருக்கவேண்டும். முதலாவது இல்லையென்றால் கோடு நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகும். 100-க்குப் பதில் 95.4 என்றால் எங்கோ 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுக்கிறது. ஸ்பீட் டெஸ்ட்டைவிட கிராஃப் சில சதவீதம் கூடுதலாகக் காட்டுவது கோளாறல்ல. போர்ட் கவுன்டர் பாக்கெட்டின் தலைப்புகளையும் சேர்த்து எண்ணுகிறது.

டவுன்லோடும் அப்லோடும் இடம் மாறித் தெரிந்தால் எந்த முனையில் நின்று எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். லாட்ஜை நோக்கிய போர்ட்டில் "இன்" என்பது லாட்ஜ்காரர் அனுப்பியது.

கரண்ட் வந்தபின் கிராஃப்கள் இடம் மாறிவிட்டன

சன்னதித் தெரு லாட்ஜின் கிராஃபில் ஐஸ் பிளான்ட்டின் டிராஃபிக் வருகிறது. பெயர் சரி, உள்ளே இருப்பது வேறு. எஸ்என்எம்பியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. ரீபூட் ஆனால், புதிய கார்டு சொருகினால், வீலேன் சேர்த்தால், சில கருவிகள் அந்த எண்களை மாற்றிப் போட்டுவிடும். சாஃப்ட்வேர் பழைய எண்ணையே கேட்டுக்கொண்டிருக்கும்.

சிஸ்கோ கருவி என்றால் இன்டெக்ஸ் பெர்சிஸ்ட் கட்டளை கொடுத்தால் எண் மாறாது. மற்றவற்றில், எண்ணுக்குப் பதில் போர்ட்டின் பெயரை அடையாளமாக வைக்கவேண்டும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் போர்ட் அசோசியேஷன் மோடு என்ற இடத்தில் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். காக்டியில் ரீஇன்டெக்ஸ் முறையை "அப்டைம் கோஸ் பேக்வர்ட்ஸ்" என்று வைத்தால் கருவி ரீபூட் ஆனதும் அதுவே புதுப் பட்டியல் எடுக்கும். அந்த அப்டைம் எண் 497 நாளுக்கு ஒரு முறை தானாகவும் பூஜ்யமாகும் என்று புத்தகங்களில் எச்சரிப்பார்கள். நம் ஊர் கரண்டில் அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம்.

ரீபூட்டுக்குப் பின் வானத்தைத் தொடும் ஒரே ஒரு ஊசிக் கோடும் இதே குடும்பம். பூஜ்யமான கவுன்டரைப் பார்த்து, அது முழுச் சுற்று சுற்றிவிட்டது என்று சாஃப்ட்வேர் நினைத்துக்கொள்கிறது. அதிகபட்ச மதிப்பை நியாயமாக வைத்திருந்தால் அந்த ரீடிங் தள்ளப்படும். விழுந்துவிட்ட ஊசியை எடுக்க காக்டியிலேயே ஸ்பைக் கில் வசதி இருக்கிறது.

வாடிக்கையாளர்வாரிக் கணக்கு தப்புகிறது

பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) கொடுக்கும் கேபிள்காரர்களுக்கு இது. வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை இணையும்போதும் ரவுட்டரில் புது இன்டர்ஃபேஸ் முளைக்கிறது, புது வரிசை எண்ணோடு. அதைப் போர்ட் கிராஃபாகப் பிடிக்க முயல்வதே வீண். லாகினைச் சரிபார்த்து உபயோகத்தையும் குறித்து வைக்கும் ரேடியஸ் சர்வரின் அக்கவுன்டிங்கிலிருந்து எடுங்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரேடியஸ் அனுப்பும் ஆக்டெட்ஸ் எண்ணும் 32 பிட்தான். 4 ஜிபி தாண்டினால் அது சுற்றிவிடும். எத்தனை தடவை சுற்றியது என்பது கிகாவேர்ட்ஸ் என்ற தனிப் பெயரில் வரும். கிகாவேர்ட்ஸை 4,29,49,67,296-ஆல் பெருக்கி, ஆக்டெட்ஸைக் கூட்டினால்தான் முழுக் கணக்கு. பில்லிங் சாஃப்ட்வேர் கிகாவேர்ட்ஸைக் கண்டுகொள்ளவில்லை என்றால் மாதம் 300 ஜிபி ஓட்டுகிறவரும் ஒரு செஷனில் 4 ஜிபிக்குள் ஓட்டியதாகத்தான் தெரியும். இங்கே "இன்புட்" என்பது ரவுட்டருக்குள் வந்தது, அதாவது வாடிக்கையாளரின் அப்லோடு. "காக்கா (அண்ணே), நீங்க 200 ஜிபி அப்லோடு பண்ணிருக்கீங்க" என்று கீழக்கரையில் யாரிடமாவது போய்ச் சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள். கரண்ட் கட்டில் செஷன் முடிந்த செய்தி வராமல் போவது நம் பக்கம் அதிகம் என்பதால் இன்டரிம் அப்டேட்டை 5 நிமிடத்துக்கு வையுங்கள். தொலைந்தாலும் அந்த 5 நிமிடம்தான் தொலையும்.

மைக்ரோடிக்கில் போர்ட்டில் டிராஃபிக் ஓடியும் சிம்பிள் க்யூவின் எண் மட்டும் அசையாமல் இருந்தால், ஃபாஸ்ட்ட்ராக் ஆனில் இருக்கிறது. ஃபாஸ்ட்ட்ராக்கில் போகும் பாக்கெட் சிம்பிள் க்யூவைத் தொடாமலே போய்விடும்.

தினமும் பள்ளம் விழுகிறது, நேரம் மட்டும் தள்ளிப்போகிறது

பாம்பன் பக்கமிருந்து மண்டபம் பக்கத்துக்குக் கடலுக்கு மேல் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க் போட்டவர்களுக்கு மட்டும். இன்று ராத்திரி 7 மணிக்கு டிராஃபிக்கில் ஒரு பள்ளம், நாளை ஏறக்குறைய 7:50, மறுநாள் 8:40. கடையின் நேரப்படி நடப்பதென்றால் நேரம் நகராது. நாளுக்கு 50 நிமிடம் நகர்வது கடலின் ஏற்ற வற்றம். நேராக வரும் அலையோடு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்கிறது. நீர்மட்டம் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நேரம் வரும். நம் பக்கத்தில் ஏற்ற வற்றம் சின்னதுதான், ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 6 சென்டிமீட்டருக்குள். சிக்னல் அளவை டிராஃபிக்கோடு ஒரே படத்தில் போட்டால் இரண்டும் சேர்ந்து விழுவது தெரியும். ஒரு முனையில் ஆன்டெனாவின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

திடீரென ஏறினால் உடனே பிழை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு இராமேசுவரம் லாட்ஜ்கள் நிரம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். கரையில் ஆள் கூடுதலாக இருக்கும், பகல்நேரக் கோடும் அதற்கேற்ப மாறும். அலர்ட் எல்லையைப் போன மாதத்தோடு ஒப்பிட்டு வைத்திருந்தால் இந்த நாட்களில் போன் கத்திக்கொண்டே இருக்கும்.

நேற்று 400, வருடக் கிராஃபில் 150

சேமிப்பின் வேலை. நாள் கிராஃபில் 5 நிமிட சராசரி, வாரத்தில் 30 நிமிடம், மாதத்தில் 2 மணி நேரம், வருடத்தில் ஒரு முழு நாளின் சராசரி. ராத்திரி உச்சமும் விடியற்காலைப் பள்ளமும் கலந்து தட்டையாகிவிடும். சராசரியோடு மேக்ஸிமமும் சேமிக்கும்படி வைத்து, வருடக் கிராஃபில் அதை வரையச் சொல்லுங்கள். மேலே லைன் கொடுப்பவர் 95-ஆவது சதமானத்தில் பில் போடுகிறார் என்றால் இது பணப் பிரச்சினை. 30 நாளுக்கு 8,640 ரீடிங். அதில் மேலே இருக்கும் 432-ஐ, அதாவது 36 மணி நேரத்தை, கழித்தபின் வரும் உச்சத்துக்குத்தான் பில். மாதக் கிராஃபின் 2 மணி நேர சராசரியிலிருந்து அதைக் கணக்கிட்டால் அவர் எண்ணும் உங்கள் எண்ணும் ஒருநாளும் ஒட்டாது. 5 நிமிட ரீடிங்கை இரண்டு மாதத்துக்காவது அப்படியே வைத்திருக்க இடம் ஒதுக்குங்கள்.

நெட்ஃப்ளோ எண்ணும் போர்ட் கிராஃபும் ஒட்டவில்லை

நெட்ஃப்ளோவில் (எந்த ஐபி எந்த ஐபியோடு எவ்வளவு பேசியது என்று ரவுட்டர் அனுப்பும் கணக்கு) அரை மணிக்கு ஒரு முறை ஊசி விழுந்தால் ஆக்டிவ் டைம் அவுட் 30 நிமிடத்தில் இருக்கிறது. மைக்ரோடிக்கில் எடுத்த எடுப்பில் அப்படித்தான். 1 நிமிடம் ஆக்குங்கள். சரியாக இரண்டு மடங்கு என்றால் ஒரே டிராஃபிக்கை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எண்ணுகிறது. சில பாக்கெட்டை மட்டும் மாதிரிக்கு எடுத்து எண்ணும் எஸ்ஃப்ளோவில் எண் நகைக்கத்தக்க அளவு சின்னது என்றால் சாம்பிளிங் விகிதத்தால் பெருக்கவில்லை. நெட்ஃப்ளோ வெர்ஷன் 9 ஆரம்பித்த சில நிமிடம் ஒன்றும் காட்டாவிட்டால் பொறுங்கள். டெம்ப்ளேட் பாக்கெட் வந்துசேரும்வரை கலெக்டருக்கு எதுவும் படிக்கத் தெரியாது.

எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை

லாட்ஜ் மேனேஜருக்கு லாகின் கொடுத்தீர்கள், அவர் திரை காலி. ஜாபிக்ஸில் அனுமதி ஹோஸ்ட் குரூப்புக்குத்தான், தனி ஹோஸ்ட்டுக்கு அல்ல; அவருடைய யூசர் குரூப்புக்கு அந்த ஹோஸ்ட் குரூப்பில் படிக்கும் அனுமதி இருக்கிறதா பாருங்கள். காக்டியில் யூசரின் கிராஃப் பெர்மிஷன் தனி.

ஏபிஐ வழியாக எடுப்பவர்களுக்கு ஜாபிக்ஸ் ஒரு சின்ன வேலை காட்டும். ஹிஸ்டரி கெட் கேட்கும்போது மதிப்பின் வகையைச் சொல்லாவிட்டால் அது முழு எண் வகையான 3 என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஐட்டம் தசம எண் வகையில் இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறும் காலிப் பட்டியல் வரும். வகையை 0 என்று கொடுத்துக் கேளுங்கள். பழைய மாதத்து எண் மட்டும் காலி என்றால் ஹிஸ்டரி வைத்திருக்கும் காலம் கழிந்து டேட்டா அழிந்துவிட்டது. ட்ரெண்ட் கெட் கேட்டால் மணிக்கு ஒன்றாகக் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் மூன்றும் கிடைக்கும்.